பழைய போர் விமானங்களைப் பார்க்க ஒரு நாள்: ஹெண்டனா, டக்ஸ்ஃபர்டா, ஓல்ட் வார்டனா?

கோடை நெருங்கினால் லண்டன் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழும். "மகனுக்கு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் என்றால் பைத்தியம், எங்கே கூட்டிப்போகலாம்?" அல்லது, "ஊரிலிருந்து அப்பா வருகிறார். விமானம் என்றால் அவருக்கு உயிர். ஏர்ஷோவுக்கு டிக்கெட் போடட்டுமா, மியூசியமே போதுமா?" இரண்டாம் உலகப்போர்க்கால விமானங்களைப் பார்க்க இங்கிலாந்தின் தென்கிழக்கு வசதியான இடம். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும் தூரத்தில் ஹெண்டன், டக்ஸ்ஃபர்ட், ஓல்ட் வார்டன் என்று மூன்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. குழப்பமும் அதனால்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் தடவை போகிறவர்கள் பெரிய ஏர்ஷோ நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதிகப் பணம் போவது அன்றுதான், விமானத்துக்குக் கிட்டப் போக முடியாமல் போவதும் அன்றுதான். ஆனால் எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஏர்ஷோதான் ஒரே வழி. அது யாருக்கு என்று கீழே பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, உங்களுக்கு விமானத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமா, அது பறப்பதைப் பார்க்க வேண்டுமா என்பது. இரண்டும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரே நாளில் இரண்டும் நன்றாக அமைவது அரிது. ரிவெட் ரிவெட்டாக, சக்கரக்குழிக்குள் தலையை நீட்டிப் பார்க்கிற ஆளுக்கு மியூசியம். பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர் மெர்லின் எஞ்சின், ஸ்பிட்ஃபயரை இழுப்பது, தலைக்கு மேல் போகும்போது நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு வருமே, அதற்கு மியூசியத்தில் வழியில்லை.

இரண்டாவது, முழுச் செலவு. டிக்கெட் விலை அதில் ஒரு பகுதிதான். நான்கு பேருக்கு ரயில், ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி, சாப்பாடு, பிள்ளைகளுக்குக் காதுக்கவசம், கடைசியில் பரிசுக்கடை என்று எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, யார் வருகிறார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் ஒரே இடம் ஒத்துவருமா? அப்புறம் கார் இருக்கிறதா இல்லையா, மழை வந்தால் நாள் வீணாகுமா என்பவை. இங்கிலாந்துக் கோடையில் மழையைப் பற்றி யோசிக்காமல் திட்டம் போடுபவர் இந்த நாட்டுக்குப் புதியவராக இருக்க வேண்டும்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் மெரினாவில் இந்திய விமானப்படை நடத்திய சாகசக் காட்சியைப் பார்த்தவர்கள் ஏர்ஷோ என்றதும் வானத்தைக் கிழிக்கும் ஜெட்களை நினைப்பார்கள். பழைய விமானங்களின் காட்சி வேறு மாதிரி. மெதுவாக, தாழ்வாக, வட்டமடித்துப் பறப்பவை இவை. பழைய ஜெட்கள் பறப்பதைப் பார்க்கும் வாய்ப்பு பிரிட்டனில் இப்போது மிகக் குறைவு. 2015 ஆகஸ்டில் ஷோரம் ஏர்ஷோவில் ஒரு ஹண்டர் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகின. பழைய ஜெட்கள் கரணமடித்து வித்தை காட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது, பார்வையாளர்களுக்கும் விமானங்களுக்கும் இடையில் விட வேண்டிய தூரம் கூடியது, நடத்துகிறவர்களின் செலவும் கூடியது. பறந்துகொண்டிருந்த கடைசி வல்கன் குண்டுவீச்சு விமானமும் அதே ஆண்டு அக்டோபரோடு ஓய்வுபெற்றது. ஆகவே உங்கள் ஆசை வல்கன், ஹண்டர் மேல் என்றால் ஏர்ஷோ டிக்கெட்டை மறந்துவிட்டு மியூசியத்துக்குப் போங்கள்.

## ஹெண்டன்: பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம்

நுழைவு இலவசம். நார்தர்ன் லைனில் கொலிண்டேல் ஸ்டேஷனில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வந்துவிடும். வாசலுக்கே போக 303 பஸ் இருக்கிறது. காரில் போனால் நிறுத்தக் கட்டணம் உண்டு, அதனால் டியூபே மேல். வெம்பிளி, ஹாரோ, கிங்ஸ்பரி பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட மலிவான ஒரு நாள் கிடைக்காது. மதியச் சாப்பாட்டுக்கு நம் கடைகளுக்கே திரும்பி வந்துவிடலாம்.

இந்த இடமே ஒரு பழைய விமானத் திடல். முதல் உலகப்போருக்கு முன்பே கிளாட் கிரகாம்-வைட் என்பவர் இங்கே பறக்கும் காட்சிகள் நடத்திக் கூட்டம் சேர்த்தார். அருங்காட்சியகம் 1972-ல் திறந்தது. ஓடுபாதை எப்போதோ வீடுகளாகிவிட்டது, இப்போது இங்கே எதுவும் பறப்பதில்லை. எஞ்சின் சத்தம் வேண்டுமென்று வருபவருக்கு இந்த இடம் ஏமாற்றம்தான்.

ஆனால் நிற்கிற விமானங்கள் சாதாரணமானவை இல்லை. குண்டுவீச்சு விமானங்கள் இருக்கும் கூடத்தில் ஒரு லங்காஸ்டர் நிற்கிறது, எண் ஆர்5868. மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டு, அதில் 3,200-க்கும் மேற்பட்டவை போர்ப் பறப்புகளில் அழிந்தன. இந்த ஒன்று 137 தடவை போய்த் திரும்பி வந்தது. மூக்கில் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு குண்டுப்படம் வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில், எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் மண்ணின் மேல் பறக்காது என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் விட்ட சவாலையும் எழுதிவைத்திருக்கிறார்கள். விமானப்படைக்காரர்களின் கிண்டல் அது.

எனக்கு அதைவிட மனதில் நிற்பது ஹாலிஃபாக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானம். 1942 ஏப்ரலில் நார்வேயில் ஒளிந்திருந்த டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, உறைந்த ஏரியின் மேல் இறங்கியது. பனிக்கட்டி உருகியதும் மூழ்கிப்போனது. 1973-ல் வெளியே எடுத்தார்கள். புதிதுபோல மினுக்காமல், துருவும் கிழிசலுமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் அடித்து நிற்கும் விமானங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து திடீரென்று இதன் முன்னால் நின்றால், போர் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு நீங்கள் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நம் ஆட்கள் தவறவிடக்கூடாத இன்னொன்று, லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். இது இந்திய விமானப்படையில் இருந்த விமானம். போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களைப் பெங்களூரின் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். பழுதுபார்த்துப் பறக்கவைத்தது. திரும்பப் பயன்படுத்த முடியாதபடி சிதைத்துவிட்டுப் போனவற்றைத்தான் எழுப்பினார்கள். 1968 வரை இந்தியா அவற்றை ஓட்டியது. இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல இப்படி இந்தியாவிலிருந்து போனவை. ஹெண்டனில் நிற்பதை 1974-ல் இந்தியா கொடுத்தது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பலாலி விமான நிலையம் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் காங்கேசன்துறை நிலையமாக இருந்தது. 1944-ல் 160-ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் அங்கிருந்துதான் இந்தியப் பெருங்கடல் மேல் பறந்தன. ஊரில் தாத்தா பாட்டி "வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய பிளேன்" என்று சொன்னது இந்த வகையாகக்கூட இருக்கலாம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் கார் நிறுத்தம், கடை, சிமுலேட்டர் போன்ற தனிக்கட்டணச் சமாச்சாரங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுப்பார்கள். மற்றபடி தரை சமதளம், கூரைக்குக் கீழே எல்லாம், கழிப்பறை பக்கத்தில். மழை நாளுக்கும் வயதானவர்களுக்கும் இதை விஞ்ச இடமில்லை.

## டக்ஸ்ஃபர்ட், ஏர்ஷோ இல்லாத நாளில்

இதைத்தான் நான் முதல் தேர்வாகச் சொல்வேன், கார் இருக்கிறவர்களுக்கு.

கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே, எம்11 நெடுஞ்சாலையின் பத்தாவது சந்திப்பை ஒட்டி இருக்கிறது டக்ஸ்ஃபர்ட். போர் அருங்காட்சியகங்களை நடத்தும் ஐ.டபிள்யூ.எம். அமைப்பின் கையில் இருக்கிறது. முதல் ஸ்பிட்ஃபயர்கள் 1938 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது இங்கே இருந்த 19-ஆம் ஸ்குவாட்ரனுக்குத்தான். 1940-ல் இரண்டு காலும் இல்லாத டக்ளஸ் பேடர் தன் படையணிகளை இங்கிருந்துதான் வானில் திரட்டினார். அந்தக் கால ஹேங்கர்களிலேயே, அதாவது விமானக் கொட்டகைகளிலேயே, இன்றும் விமானங்கள் நிற்கின்றன. ஒரு ஹேங்கர் மட்டும் இல்லை. 1968-ல் ஒரு சினிமாவுக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஜெர்மானியர்கள் செய்யாததைப் படப்பிடிப்புக்குழு செய்தது.

டக்ஸ்ஃபர்டை ஹெண்டனிலிருந்து பிரிப்பது ஓடுபாதை. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பறக்கும் நிலையில் உள்ள பழைய விமானங்களை வைத்திருக்கும் தனியார் அமைப்புகளும் பழுதுபார்க்கும் நிறுவனங்களும் இங்கேயே குடியிருக்கின்றன. இரண்டாம் எண் ஹேங்கரில் அவை அருங்காட்சிப் பொருள்களோடு பொருளாக நிற்கும். எது பறக்கும், எது பறக்காது என்று கண்டுபிடிக்க எளிய வழி: எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் சொட்டப் பாத்திரம் வைத்திருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் அது பறக்கிற விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வானிலை நன்றாக இருக்கும் கோடை நாளில், பணம் கட்டிய பயணியை ஏற்றிக்கொண்டு இரண்டு இருக்கை ஸ்பிட்ஃபயரோ, இரட்டை இறக்கை விமானங்களான டைகர் மாத்தோ, ராப்பீடோ மேலே போவதும் இறங்குவதுமாக இருக்கும். ஸ்பிட்ஃபயரில் ஏறுகிறவர் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்திருப்பார். நீங்கள் வேலியோரம் நின்று அவர் செலவில் மெர்லின் சத்தத்தைக் கேட்கலாம். ஏர்ஷோ கூட்டம் இல்லாததால் எஞ்சின் முதலில் இருமுவது, புகை கக்குவது, பிறகு சீராவது எல்லாம் தெளிவாகக் காதில் விழும். கூட்டத்தில் ஒலிபெருக்கி வர்ணனைக்கு நடுவே இது கிடைக்காது.

அப்புறம் அமெரிக்க விமானக் கூடம். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்தது, 1998-ல் கட்டடக்கலைக்கான ஸ்டெர்லிங் பரிசு வாங்கியது. உள்ளே பி-52 என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சுற்றி மற்றவற்றை நிறுத்தியும் தொங்கவிட்டும் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒரே எஸ்ஆர்-71 பிளாக்பேர்டு உளவு விமானமும் அங்கேதான். சோதனைக்காகக் கட்டிய கான்கார்டு ஒன்றும் டக்ஸ்ஃபர்டில் உண்டு, உள்ளே ஏறிப் பார்க்கலாம். 1977-ல் அது பறந்து வந்து இறங்கிய கொஞ்ச காலத்தில் எம்11 சாலைக்காக ஓடுபாதையை வெட்டிக் குறுக்கிவிட்டார்கள். ஆகவே அது திரும்பப் போகும் பேச்சே இல்லை.

இனி குறைகள். நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு இருபது பவுண்டைத் தாண்டும். இணையத்தில் வாங்கும்போது நன்கொடை சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். இடம் மிகப் பெரியது. கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனையில் இருக்கும் டாங்கிக் கூடம் வரை ஏறக்குறைய ஒரு மைல், அதுவும் வெட்டவெளி நடை. அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் எந்தக் கூடங்களை விடுவது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். டாங்கிகளை விடலாம் என்பது என் கருத்து.

கார் இல்லையென்றால் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் ரயிலில் விட்டில்ஸ்ஃபர்ட் பார்க்வேயில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். நான்கு பேருக்கு ரயிலும் டாக்ஸியும் சேர்ந்தால் நுழைவுக் கட்டணத்தை எட்டிப் பிடித்துவிடும். எது பறக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. காற்றும் மேகமும் சரியில்லாத நாளில் ஓடுபாதை வெறுமனே கிடக்கும். அப்படியே ஆனாலும் ஹேங்கர்களைப் பார்க்க ஒரு நாள் போதாது என்பதுதான் ஆறுதல்.

## டக்ஸ்ஃபர்ட், ஏர்ஷோ நாளில்

கோடையில் ஒன்று, செப்டம்பரில் பிரிட்டன் வான்போரை நினைவுகூர்ந்து ஒன்று என்று பெரிய காட்சிகள் நடக்கும். ஒரே நேரத்தில் பல ஸ்பிட்ஃபயர்கள் அணிவகுத்துப் போவதை இங்கேதான் பார்க்க முடியும். ஐரோப்பாவில் பறக்கும் ஒரே பி-17 குண்டுவீச்சு விமானமாகப் பெயர் பெற்ற சாலி பி-யின் இருப்பிடமும் இதுதான். இங்கே மறுபிறவி எடுத்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம் ஒன்றும் உண்டு. பல ஆண்டு உழைத்து முதலில் பறக்கவைத்தது 1987-ல் சில வாரங்களிலேயே விழுந்து நொறுங்கியது. மறுபடி கட்டினார்கள், அது 2003-ல் அடிபட்டது. மூன்றாம் முறையாக 2014-ல் மேலே போனது. இந்தப் பிடிவாதத்தைத் தெரிந்துகொண்டு அது பறப்பதைப் பார்த்தால் டிக்கெட் விலை மறந்துபோகும்.

அந்த விலை சாதாரண நாளின் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கை ஒட்டி வரும். முன்பதிவு செய்துதான் வாங்க வேண்டும், வாசலில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முன்வரிசை இருக்கை என்றால் அதற்குத் தனிப்பணம். பறப்பது பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு சில மணி நேரம்தான். ஆனால் நல்ல இடம் பிடிக்கக் காலையிலேயே போக வேண்டியிருக்கும். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் காரை எடுப்பார்கள். கார் நிறுத்தும் திடலிலேயே ஒரு மணி நேரம் போய்விடக்கூடும். வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நல்லூர்த் தேரன்று கோயிலுக்குப் போவது மாதிரிதான் இது. அந்த ஆரவாரத்துக்கு ஈடு கிடையாது, ஆனால் மூலஸ்தானத்தில் நின்று நிதானமாகக் கும்பிட வேண்டுமென்றால் அந்த நாளில் போகக்கூடாது. ஹேங்கர்களும் திறந்துதான் இருக்கும். ஆனால் பறப்பவை வெளியே போய்விடும், மழை பெய்தால் கூட்டம் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

புகைப்படக்காரர்களுக்கு: பார்வையாளர் பகுதி ஓடுபாதைக்கு வடக்கே இருக்கிறது. தெற்கு நோக்கி நிற்பீர்கள், வெயில் இருந்தால் அது முகத்துக்கு நேரே. படத்தில் விமானம் கறுப்பு நிழலாகத்தான் விழும். போனில் எடுத்தால் வெறும் புள்ளி. இதற்காக லென்ஸ் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகிறீர்கள் என்றால் அதையும் செலவில் சேருங்கள்.

விளம்பரத்தில் ஒரு விமானத்தின் பெயர் இருப்பதை வாக்குறுதியாக எடுக்கக்கூடாது. எண்பது வயது எஞ்சின், எந்த வாரமும் மக்கர் பண்ணலாம். விமானப்படையின் நினைவு அணியில் இருக்கும் லங்காஸ்டர், உலகத்தில் பறக்கும் நிலையில் உள்ள இரண்டில் ஒன்று. மற்றது கனடாவில் ஹாமில்டனில். இங்கே இருப்பதைக் கொஞ்சம் பலமான காற்றடித்தாலே மேலே அனுப்ப மாட்டார்கள். அது சரியும்கூட. ஒரு குறிப்பிட்ட விமானத்துக்காகவே டிக்கெட் வாங்குகிறவர் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளட்டும்.

ஆக, இது யாருக்கு? ஏற்கனவே டக்ஸ்ஃபர்டின் ஹேங்கர்களைப் பார்த்துவிட்டவருக்கு. பத்து வயதுக்கு மேல், விமானத்தைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து சரியாக அந்த வாரம் வந்து, திரும்ப எப்போது வருவார் என்று தெரியாத ஆர்வலருக்கும் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.

## ஓல்ட் வார்டன்: ஷட்டில்வொர்த்தின் புல்தரை

பெட்ஃபர்ட்ஷயரில் பிகில்ஸ்வேட் ஊருக்கு அருகே ஒரு பெரிய பண்ணைத் தோட்டம், அதில் புல் ஓடுபாதை. ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற பணக்கார இளைஞர் பழைய கார்களையும் விமானங்களையும் சேர்த்துவந்தார். 1940-ல் விமானப்படைப் பயிற்சியில் விழுந்து இறந்துபோனார். அவருடைய தாயார் 1944-ல் அறக்கட்டளை ஏற்படுத்தி மகனின் சேகரிப்பைக் காப்பாற்றினார்.

ஏர்ஷோவுக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன். கூட்டம் குறைவு. பார்வையாளர் வரிசை வளைந்திருப்பதால் விமானங்கள் உங்களைச் சுற்றித் திரும்பும்போது இறக்கையின் மேல்பக்கம் முழுவதும் தெரியும். அணிவகுப்பின் பிரமாண்டம் இங்கே இல்லை. ஒன்று முடிந்து ஒன்றாக, அவசரமில்லாமல் பறப்பார்கள்.

இருக்கும் விமானங்களும் வேறு ரகம். 1909-ல் செய்த பிளேரியோ விமானம் ஒன்று சொந்த எஞ்சினோடு இன்னும் தரையை விட்டு எழும்புகிறது. மேலே போய்ச் சுற்றாது, புல்தரை நெடுகத் தாவிவிட்டு இறங்கும். முதல் உலகப்போர் விமானங்களில் சிலவற்றுக்குச் சுழல் எஞ்சின், அதாவது புரொப்பெல்லரோடு எஞ்சினும் சேர்ந்தே சுற்றும். வேகத்தைக் குறைக்க நம் கார் போல ஆக்சிலரேட்டர் கிடையாது. இறங்கும்போது பைலட் எஞ்சினின் மின்பொறியை அடிக்கடி அணைத்து அணைத்து மறுபடி ஏற்றுவார், "பர்ர்… பர்ர்" என்று விக்கிக்கொண்டே வரும். அதற்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். காற்று உங்கள் பக்கம் வீசினால் எரிந்த விளக்கெண்ணெய் வாசம் வரும், சின்ன வயதில் அதைக் குடிக்கவைக்கப்பட்டவர்கள் முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் ஆச்சரியம்.

இரண்டாம் போரின் ஆட்களும் உண்டு: ஸ்பிட்ஃபயர், கிளாடியேட்டர், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸின் வயல்களில் இரவில் உளவாளிகளை இறக்கிவிட்ட வகையான லைசாண்டர், கப்பற்படைக்கான ஹரிகேன். இதே ஹரிகேன் குடும்பம்தான் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மேலும் 9 அன்று திருகோணமலையின் மேலும் ஜப்பானிய விமானங்களோடு மோதியது. இன்னொன்று ஹாக்கர் ஹைண்ட் என்ற இரட்டை இறக்கைக் குண்டுவீச்சு விமானம். ஆப்கானிஸ்தான் விமானப்படையிடம் இருந்தது, 1970 வாக்கில் காபூலிலிருந்து லாரியிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சிக்கல் காற்று. மிகப் பழைய விமானங்கள் இலை அசையாத மாலையில்தான் வெளியே வரும். அதற்காகவே மாலைக் காட்சிகள் வைக்கிறார்கள். பிளேரியோவுக்காக மட்டும் போய் ஏமாந்து திரும்புபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருப்பார்கள். மாலைக் காட்சிக்குப் பிறகு இருட்டிவிடும், கிராமத்திலிருந்து பிகில்ஸ்வேட் ஸ்டேஷன் சில மைல். லண்டன் ரயில் இருக்கும், ஸ்டேஷனுக்குப் போக வண்டி இருக்காது. டாக்ஸியைப் போகும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். கூரை குறைவு, உட்கார மடக்கு நாற்காலி நீங்களே கொண்டுபோக வேண்டும், கோடையிலும் ஏழு மணிக்கு மேல் குளிரும். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது இங்கே வழக்கம்தான், புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஹெண்டன் | டக்ஸ்ஃபர்ட், சாதாரண நாள் | டக்ஸ்ஃபர்ட் ஏர்ஷோ | ஓல்ட் வார்டன் ஏர்ஷோ |
|---|---|---|---|---|
| நுழைவு | இலவசம் | 20 பவுண்டுக்கு மேல் | அதைப் போல இரண்டு மடங்கை ஒட்டி | இரண்டுக்கும் நடுவில் |
| மறைந்திருக்கும் செலவு | கார் நிறுத்தம், சிமுலேட்டர் | டாக்ஸி | இருக்கை, சாப்பாடு, திரும்பும் நேரம் | இரவு டாக்ஸி, நாற்காலி, கம்பளி |
| கார் இல்லாமல் | எளிது | முடியும், செலவு கூடும் | முடியும், நெரிசல் | கஷ்டம் |
| கிட்டப் பார்ப்பது | மிக நன்று | மிக நன்று | சுமார் | நன்று |
| பறப்பது | இல்லை | அதிர்ஷ்டம் இருந்தால் | நிறைய | நிறைய, நிதானமாக |
| மழை வந்தால் | கவலையில்லை | ஹேங்கர்கள் போதும் | நாள் கெடும் | நாள் கெடும் |
| முதியவர், கைக்குழந்தை | ஏற்றது | பாதி இடத்தை விட்டால் சரி | தவிர்க்கலாம் | வெயில் நாளில் சரி |

## லண்டனைவிட்டுத் தள்ளி இரண்டு

பர்மிங்காம், வுல்வர்ஹாம்டன் பக்கம் இருப்பவர்கள் ஹெண்டனுக்கு வர வேண்டியதில்லை. அதே அருங்காட்சியகத்தின் கிளை காஸ்ஃபர்டில் இருக்கிறது, அதுவும் இலவசம், ஸ்டேஷனும் அருகில். பிரிட்டனின் பனிப்போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களான வல்கன், விக்டர், வேலியன்ட் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே பார்க்க உலகத்தில் அது ஒன்றுதான் இடம். பனிப்போர் ஜெட் ஆசைக்காரர்கள் லண்டனிலிருந்தும் போகலாம்.

மற்றது லிங்கன்ஷயரில் ஈஸ்ட் கிர்க்பி. பறக்காத, ஆனால் ஓடுகிற லங்காஸ்டர் அங்கே இருக்கிறது. 1944-ல் நியூரம்பர்க் தாக்குதலில் அண்ணனைப் பறிகொடுத்த இரண்டு சகோதரர்கள், பான்டன் குடும்பத்தார், அவர் நினைவாக வாங்கிய விமானம். குறிப்பிட்ட நாள்களில் நான்கு மெர்லின்களையும் முடுக்கித் தரையிலேயே ஓட்டிக்காட்டுவார்கள். உள்ளே உட்கார்ந்து போகவும் இடம் உண்டு, அதற்கு நூற்றுக்கணக்கில் பவுண்டும் மாதக்கணக்கில் முன்பதிவும் வேண்டும். வெளியே நின்று பார்ப்பவருக்குச் சாதாரண டிக்கெட் போதும். லண்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. ஆனால் கிட்டப் பார்ப்பது, எஞ்சின் சத்தம் இரண்டும் ஒரே நாளில் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு எனக்குத் தெரிந்து இதுவே சரியான இடம்.

## டிக்கெட் போடுமுன்

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு முதல் தடவை என்றால் ஹெண்டன். பிடிக்கவில்லை என்றால் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம், பணமும் போகாது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் அதுவே, நடக்கத் தெம்புள்ளவர்கள் என்றால் டக்ஸ்ஃபர்ட் சாதாரண நாள். மனைவிக்கோ கணவருக்கோ விமானத்தில் துளியும் ஆர்வமில்லை, ஆனாலும் சேர்ந்துதான் போக வேண்டும் என்றால் ஓல்ட் வார்டன். அங்கே சுவிஸ் கார்டன் என்ற அழகான தோட்டம் இருக்கிறது, இருவரும் சண்டையில்லாமல் பிரிந்து நடக்கலாம்.

டக்ஸ்ஃபர்ட் சாதாரண நாளுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் இரண்டு விஷயம் பாருங்கள்: வானிலை, அப்புறம் மறுநாள் ஏர்ஷோ இருக்கிறதா என்பது. இருந்தால் முந்தின நாளே விருந்தாளி விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கும், ஒத்திகையும் நடக்கலாம். சில ஆண்டுகளில் அந்த வெள்ளிக்கிழமைக்கும் தனி டிக்கெட் வைத்துவிடுகிறார்கள், அதையும் பார்த்துக்கொண்டு லீவு போடுங்கள்.